மூடி போடாத மனிதர்

தோல் கம்பெனியால் பெயர் வாங்கிய சென்னைப் புறநகர் குரோம்பேட்டை. அந்தக் குரோம் லெதர் கம்பெனி போய்விட்டது. தோலை நம்பிப் பிழைக்கிறவர்கள் போகவில்லை. விடியற்காலை ஆறு மணிக்கு ராதா நகர்ப் பக்கம் பாருங்கள், முதுகில் ஐஸ் பையோடு பைக்கில் ஒருவர் வருவார். பதனிடுவதில்லை, துளைப்பார். வீடு தேடி வந்து ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன்.

இந்த இனத்தார் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. முழங்கை மடிப்பைப் பார்த்துத்தான். பீச் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகள் நமக்குக் கூட்டம், அவருக்குக் காய்கறிக் கடை. "இவருக்கு இருபத்தொண்ணாம் நம்பர் ஊசி தாராளமாப் போகும்... அந்தம்மாவுக்கு பட்டர்ஃப்ளை ஊசிதான்" என்று உதடு முணுமுணுக்கும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவரிடம், "பையன் எப்படிடா?" என்று அம்மா கேட்க, "நல்ல நரம்பும்மா" என்றாராம்.

"பொடி ஊசியாப் போடுப்பா" என்று கெஞ்சாத மாமி உண்டா? எண் ஏற ஏற ஊசி மெலியும்: பச்சைத் தலை 21, நீலத் தலை 23, ஆரஞ்சுத் தலை 25. "ரொம்ப மெல்லிசுல வெடுக்குனு இழுத்தா செல் உடைஞ்சுடும் மாமி. பொட்டாசியம் இல்லாத ஏத்தம் காட்டும். நீங்க பயந்து இளநீரை நிறுத்திடுவீங்க." மாமி கண்ணை மூடிக்கொள்வார். வேலை முடிந்திருக்கும்.

புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர் ஓதும் மந்திரம் ஒன்றே: "குத்தின ஊசிக்கு மூடி போடாதே." மூடியைத் தேடிப் போகும் ஊசி விரலில் இறங்கும். ஊசி, துளைபடாத வெள்ளை டப்பாவுக்கு. சிரிஞ்ச், சிவப்புப் பைக்கு. கூடவே ஒரு வரலாறு: 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவி நிர்மலா. வழிகாட்டி சுனிதி சாலமன். கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார் நிர்மலா. இதைக் கேட்டதிலிருந்து நம்மவர் மனைவி ஃப்ரிட்ஜைத் திறக்குமுன் ஒரு நொடி யோசிக்கிறார்.

மனைவியின் கவலை அதோடு போகவில்லை. பேனா, பற்பசை, ஊறுகாய் ஜாடி, எதற்கும் இந்த மனுஷன் மூடி போடுவதில்லை. "ஆவக்காய் என்ன ஊசியா?" என்றால், "பழகின கை" என்கிறார்.

பழகாத கையும் உண்டு. ஊசி மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றிய ஒருவர் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன், கை கொடுக்கவில்லை.

நாளை உங்கள் முறையென்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எதுவும் சாப்பிடாதீர்கள். தண்ணீர் மட்டும் நன்றாகக் குடியுங்கள், நரம்பு தெரியும். அவர் ஆறரைக்கு வருவார். பேனா மட்டும் கடன் கொடுக்காதீர்கள்.