கடைசி பஸ்ஸில் ஒரு தலைநகர் உலா

அனுப்புநர்: கடைசி பஸ் பயணி, இடப்பக்கம் நான்காவது சீட் (ஒழுகாத நாட்களில்), அச்சன்புதூர்.

பெறுநர்: எங்கள் ஊருக்கு பஸ் விடும் மேலதிகாரி அவர்கள்.

பொருள்: பாண்டியர் தலைநகரை இரவில் பஸ்ஸில் சுற்றிக் காட்டிவருவதற்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: பராக்கிரம பாண்டியர் கல்லில் வெட்டிக் கொடுத்த மனு, 15ஆம் நூற்றாண்டு.

ஐயா,

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவந்து தங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது என் பல வருடப் பழக்கம். இத்தனை நாளும் அதை வெறும் பஸ் என்றே நினைத்திருந்தேன். என் அறியாமையை மன்னிக்கவும்.

கண் திறந்தது திருவனந்தபுரத்தில். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மச்சினன் என்னை மொட்டை மாடி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். கேரள அரசு போக்குவரத்துக் கழகம் 2022 முதல் விடும் டபுள் டெக்கர் அது. மேல் தளத்துக்குக் கூரை கிடையாது. தலைமைச் செயலகம், பாளையம், கவடியார் என்று விளக்கு வெளிச்சத்தில் ராஜாக்களின் ஊரை ராத்திரியில் காட்டுகிறார்கள். பத்மநாபசுவாமி கோயில் பக்கம் மேத்தன் மணி என்றொரு பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் தாடிக்காரர் ஒருவர் வாயைத் திறப்பார், இரண்டு ஆட்டுக்கடாக்கள் அவர் கன்னத்தில் வந்து முட்டும். கடிகாரத்தையே வாய் பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் சொன்னான்: "நம்ம ஊர்ல இப்படி ஒரு பஸ் விடப்படாதா அத்தான்?"

அவன் கேட்டதில் ஒரு சரித்திர ஏக்கமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை எங்கள் பக்கத்துச் செங்கோட்டை தாலுகாவுக்குத் திருவனந்தபுரம்தானே தலைநகர். எல்லை பிரித்தபோது தாலுகாவை இந்தப் பக்கம் வாங்கிக்கொண்டு டபுள் டெக்கரை அந்தப் பக்கமே விட்டுவிட்டார்கள். ஆனாலும் நான் தங்களை விட்டுக்கொடுக்கவில்லை. "நம்மகிட்ட ஏற்கெனவே ஓடுதுலே, ஒனக்குத்தான் தெரியல" என்றேன்.

தென்காசி தலைநகர்தானா என்று சிலர் சந்தேகப்படலாம். மதுரை கைவிட்டுப் போன பிறகு பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி ஆண்ட ஊர் இது. 1422இல் பட்டமேறிய பராக்கிரம பாண்டியர், வடகாசிக்குப் போக முடியாதவர்களுக்காகச் சிற்றாற்றங்கரையில் விசுவநாதருக்குக் கோயில் எழுப்பினார். நைடதமும் வெற்றிவேற்கையும் பாடிய அதிவீரராம பாண்டியர் இந்த வம்சத்து ராஜாதான். பள்ளிக்கூடத்தில் நம்மை மனப்பாடம் செய்யவைத்த ராஜா இவர். அரண்மனை எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. இருந்தால்தானே காட்டுவதற்கு! அந்த வகையில் இரவுச் சுற்றுலாவுக்கு இதைவிடத் தோதான தலைநகர் வாய்க்காது. பகலிலேயே தெரியாததை ராத்திரியில் காட்டாவிட்டால் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

மிச்சம் இருப்பது கோபுரம். ஒன்பது நிலை. இடி விழுந்து பிளந்து, வெகுகாலம் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1990இல் திரும்ப எழுந்து குடமுழுக்குக் கண்டது. பஸ் திரும்பும் இடத்தில் கூரைகளுக்கு மேலே அது விளக்கோடு தெரியும். முன் கண்ணாடியில் ஒரு விரிசல் இருப்பதால் முன்சீட்டுக்காரர்களுக்கு இரண்டு கோபுரமாகத் தெரியும். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு கோபுரம் காட்டும் பஸ் லண்டனில் உண்டா என்று விசாரித்துச் சொல்லவும். கோபுர வாசலில் நுழைகிறவர்களை எதிரே வந்து தள்ளுமே ஒரு மலைக்காற்று, அதையும் தாங்கள் தனிக் கட்டணம் இல்லாமல் பஸ்ஸுக்குள் விட்டிருக்கிறீர்கள். ஜன்னல் ஷட்டர் எதுவும் இறங்காது.

மேல் தளம் திறந்த பஸ் என்று மலையாளத்தார் பெருமைப்படட்டும். நம் பஸ்ஸும் திறந்ததுதான், ஆணிக்கு ஓர் ஓட்டை வீதம். ஆனி, ஆடிச் சாரலில் வந்து பார்க்க வேண்டும். குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்க, அருவியையே வீட்டுக்குப் போகிற வழியில் தலையில் விடுகிறீர்கள். போன வாரம் எனக்கு முன்சீட்டில் இருந்த ஆச்சி பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்துவிட்டார். கண்டக்டர் டிக்கெட் மிஷினைப் பாலிதீன் பையில் கட்டி, ஒரு முனையை மட்டும் திறந்து, குழந்தைக்குப் பால் புகட்டுவது மாதிரி குனிந்து சீட்டு எடுத்தார். உள்விளக்கு எரியவில்லை. சில்லறை எண்ணுவதற்கு ஒரு கல்லூரிப் பெண் போனில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணாச்சி, அந்தப் பக்கம் வாங்க, இங்கன சொட்டும்" என்று எனக்கு இடம் மாற்றியதும் கண்டக்டர்தான். வழிகாட்டி என்றால் இவரல்லவா வழிகாட்டி!

டிக்கெட் விஷயத்திலும் உலகம் நம்மிடம் கற்க வேண்டும். பெண்களுக்கு இந்தத் தலைநகர் உலா இலவசம். ராத்திரிச் சுற்றுலாவுக்கு 'விடியல் பயணம்' என்று பெயர் வைத்தவர் யாரோ, பெரிய கவிஞர். சில நாள் பஸ் வருகிற நேரத்தைப் பார்த்தால் அவர் தீர்க்கதரிசி என்றும் தோன்றுகிறது.

தென்காசி வெளிச்சம் தாண்டி இலத்தூர்ப் பக்கம் வந்தால் அடுத்த கட்டம். ஒரு ஹெட்லைட் இல்லை. இருக்கிற ஒன்றும் ரோட்டைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்க்கும். ஆரம்பத்தில் பயந்தேன், இப்போது புரிகிறது, நிலா வெளிச்சத்தில் அங்குள்ள குளத்தைப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. தண்ணீர் நிறைந்த நாளில் குளம் முழுக்க வெள்ளித்தகடு அடித்த மாதிரி இருக்கும், பஸ்ஸுக்குள் பேச்சு தானாக நின்றுவிடும். இதைப் பகடியாகச் சொல்லவில்லை. அப்புறம் மேற்கே பண்பொழி மலை உச்சியில் திருமலைக் குமரன் கோயில் விளக்கு. அது கண்ணில் பட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். ஊர் வந்துவிட்டது.

சில ராத்திரி மட்டும் 'டிரிப் கட்' என்கிறார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாக்குக்கடைக்காரர்தான், எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "இன்னைக்கு இல்ல போலிருக்கு வே" என்பார். அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் பாதி வழி, நடந்து மீதி வழி. சேல்ஸில் நிற்கும் பெண்பிள்ளைகள் நான்கைந்து பேர் எங்களோடு வருவார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் சைக்கிளிலும் டிவிஎஸ்ஸிலும் எதிரே தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள். விடியல் பயணம் இலவசமாக இருந்து என்ன, ஏறுவதற்கு பஸ் வேண்டுமே. மச்சினனிடம் இந்தப் பகுதியை நான் சொல்லவில்லை.

இனி பார்வையில் கண்ட மனுவுக்கு வருகிறேன். பராக்கிரம பாண்டியர் தம் கோயிலில் ஒரு விண்ணப்பத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து, அதை யாராவது செப்பனிட்டுக் காத்தால், அவர் யாராக இருந்தாலும் சரி, அவர் காலில் விழுந்து வணங்குகிறேன் என்கிறார். ராஜா ஐயா! முடி சூடிய தலை! கோயிலைக் கட்டி முடித்தவர், 'இதைவிடப் பெரிதாக ஒன்று கட்டுங்கள்' என்று கேட்கவில்லை. இருப்பதைப் பழுது பாருங்கள் என்றுதான் கேட்டார், அதற்கே விழுந்து கும்பிட்டார். பராமரிப்பு என்ற சொல்லுக்குத் தென்காசி வட்டாரத்தில் அப்படியொரு மரியாதை இருந்த காலம்.

ஆகையால் நானும் டபுள் டெக்கர் கேட்கவில்லை. கோபுரத்துக்குக் கலர் விளக்கு, ஒலிபெருக்கியில் வரலாறு, ஜன்னலில் பாண்டியர் மீன் படம் எதுவும் வேண்டாம். அவற்றைத் தாங்கள் ஒருநாள் செய்வீர்கள், திறப்பு விழாவுக்கு பந்தலும் போடுவீர்கள்; பந்தல் நாளில் கடைசி பஸ்ஸை விழாவுக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்பதுதான் என் கவலை.

வேண்டுவது இவ்வளவே: இரண்டாவது ஹெட்லைட், ஒரு உள்விளக்கு, கூரைக்குத் தார்ப்பாயாவது, டிரிப் கட் என்றால் சாயங்காலமே போர்டில் எழுதிப்போட ஒரு சாக்பீஸ். ராஜாவே விழுந்திருக்கிறார், கணக்குப்பிள்ளைக்கு என்ன கௌரவம்? செய்துகொடுப்பவர் யாராக இருந்தாலும் அவர் காலில் விழத் தயார். ஆபீஸ் எந்த மாடி என்று மட்டும் சொல்லவும், முழங்கால் வலி.

இப்படிக்கு,
தங்கள் நிரந்தரச் சுற்றுலாப் பயணி.

இணைப்பு: நேற்றைய டிக்கெட் 1. நனைந்ததால் எழுத்து அழிந்துவிட்டது.