இல்லாத பக்கத்துக்கு ஓர் அலங்காரம்

இல்லாத பக்கத்தைக் கேட்டால் சர்வர் 404 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். கூடவே வரும் வறட்டு ஆங்கில வரிக்குப் பதில் சொந்தப் பக்கம் காட்ட, அப்பாச்சி சர்வரின் எச்டிஆக்சஸ் கோப்பில் ‘எரர்டாக்குமென்ட் 404’ என எழுதி, பக்கத்தின் பாதையைக் கொடுத்தால் போதும். வேலை ஒரே வரி. மீதி நேரமெல்லாம் அழுகிற பூனைப் படம் தேடுவதில் போகும்.

பாதைக்குப் பதில் எச்டிடிபியில் தொடங்கும் முழு முகவரியைக் கொடுத்தால் வந்தது வினை. சர்வர் வாசகரை அங்கே திருப்பிவிடும். 404 காணாமல் போய், ‘எல்லாம் நலம்’ என்று 200 வந்து நிற்கும். கூகுள் இதை ‘சாஃப்ட் 404’ என்கிறது. வேறு சிலர் தவறான முகவரி அனைத்தையும் முகப்புக்கே தள்ளுகிறார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டவரை வாசலில் கொண்டுபோய் விடுவதுபோல.

பூனை இருக்கட்டும், கீழே ஒரு தேடல் பெட்டியும் வையுங்கள்.