இருட்டில் பிடித்த ரயில்

கேள்வி: நல்ல வெயில் இருந்தால்தான் ரயிலைப் படம் பிடிக்க முடியுமா?

பதில்: நள்ளிரவிலும் பிடிக்கலாம். அமெரிக்காவின் ஓ. வின்ஸ்டன் லிங்க் பிடித்தார். நியூயார்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்து வந்தவர் அவர். 1955 முதல் சொந்தக் காசைச் செலவழித்து, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி எஞ்சின்களைத் தேடி வர்ஜீனியாப் பக்கம் போய்வந்தார். மற்ற பெரிய ரயில்வேக்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தபோது நீராவியை விடாமல் வைத்திருந்தது அதுதான்.

ஏன் இரவில்? சூரியனை நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது. இருட்டிலோ, எந்த மூலையில் வெளிச்சம் விழ வேண்டும் என்பது முழுக்கப் புகைப்படக்காரர் கையில். கரிய வானத்தின் முன் நீராவி பஞ்சுப்பொதி போல வெளேரென்று எழும். அந்த அழகு பகலில் கிடைக்கவே கிடைக்காது.

இதைப் புரிந்துகொள்ள, 1956இல் மேற்கு வர்ஜீனியாவில் அவர் எடுத்த படம் ஒன்று போதும். திறந்தவெளித் திரையரங்கில் வரிசையாகக் கார்கள். முன்னால் ஒரு காரில் இளம் ஜோடி. திரையில் ஜெட் விமானம். பக்கத்திலேயே புகை கக்கியபடி சரக்கு ரயில். திரையிலுள்ள விமானம் மட்டும் பிறகு இருட்டறையில் சேர்த்தது. இந்தப் படத்துக்கு 40க்கு மேற்பட்ட ஃப்ளாஷ் பல்புகள் தேவைப்பட்டன. ஒருமுறை எரிந்தால் பல்பின் ஆயுள் முடிந்தது, ரயிலும் காத்திருக்காது. எனவே ஒரு ரயிலுக்கு ஒரே ஒரு கிளிக்!

1960இல் அந்த ரயில்வேயிலும் நீராவி ஓய்ந்தது. அதற்குள் சுமார் 2,400 படங்கள் சேர்ந்திருந்தன. எஞ்சின்களின் ஓசையையும் அவர் பதிவுசெய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். ரோனோக் நகரின் பழைய ரயில் நிலையத்தில் 2004 முதல் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.