டார்ச் லைட்டும் கேமரா வாங்கும்

கேள்வி: புகைப்படத்துக்குப் புதியவன், பட்ஜெட்டும் மெலிந்தது. எத்தனை மெகாபிக்சல் பார்த்து டிஜிட்டல் கேமரா வாங்குவது? (ஒரு வாசகர், மட்டாஞ்சேரி, கொச்சி)

பதில்: ஏ4 தாளில் நேர்த்தியாக அச்சிட 9 மெகாபிக்சலே போதும். கட்-அவுட் வைக்கும் உத்தேசம் இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிடலாம். போனைவிடக் கேமராவை உயர்த்துவது சென்சாரின் பரப்பளவு.

2018-இல் வந்த நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டிலும் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார், 24 மெகாபிக்சல். நிக்கானின் உற்பத்தி நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டில் தேட வேண்டும். அதன் உடலில் ஆட்டோஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவு என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால், ஃபோகஸ் செய்யும் மோட்டார் உங்கள் விரல்தான்!

மட்டாஞ்சேரிக்காரரின் உண்மையான எதிரி பூஞ்சை. கடலும் காயலும் சூழ்ந்த ஊர். ஜூனில் பருவமழை இறங்கினால் மிளகுக் கிடங்குக்காரரே ஈரத்துக்கு அஞ்சுவார். பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திவலை போல வெள்ளை இழை தெரிந்தால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். வாங்கியதை சிலிகா ஜெல் போட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டுவது பூஞ்சைக்கு வைக்கும் விருந்து.

பழகுவதற்கு ஜூ டவுன் தெரு இருக்கிறது. 1568-இல் கட்டிய பரதேசி சினகாக், 1760-இல் எழுந்த அதன் மணிக்கூண்டு இரண்டையும் வெளியிலிருந்து எடுக்கலாம். உள்ளே போவதானால், கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் அனுமதி கேட்டுவிடுங்கள்.