என் விரலை மட்டும் மெஷினு நம்பாது

வா பேராண்டி, இப்படி திண்ணையில உக்காரு. பையில இன்னா? ஜெராக்ஸா? ஆதாரு அஞ்சு காப்பி, ரேஷன் கார்டு அஞ்சு, பேங்க் புக்கு முதல் பக்கம் அஞ்சு. பலே! சிம்மு விக்கிறவனுக்கு ஒண்ணு, குழுக் கடன் எழுத வந்தவனுக்கு ஒண்ணு, லாட்ஜுக்காரனுக்கு ஒண்ணுன்னு வாரி வழங்குற. நம்ம புதூர்நாட்டு மலையில கர்ணன் மறுபடியும் பொறந்துட்டான்னு திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு. தெரியாதவன் உன் அப்பன் பேரைக் கேட்டா முறைக்கிற. ஆதார் நம்பரைக் கேட்டா மட்டும் குனிஞ்சு, கையெழுத்தும் போட்டுக் குடுக்குற.

குடுக்காதேன்னு அரசாங்கம் சொல்லலையான்னு கேக்குற. சொல்லுச்சே! 2022 மே 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தோட பெங்களூரு ஆபீஸு ஒரு அறிக்கை விட்டுச்சு. கண்டவன்கிட்ட ஆதார் நகலை நீட்டாதீங்க, கடைசி 4 எண் மட்டும் தெரியிற மறைச்ச ஆதாரைக் குடுங்கன்னு. 29ஆம் தேதி, ஜனங்க தப்பா அர்த்தம் பண்ணிக்குவாங்கன்னு அந்த அறிக்கையையே வாபஸ் வாங்கிக்கிச்சு. ஒரு நல்ல புத்தி முழுசா ரெண்டு நாள் தாக்குப் புடிச்சுதே, அதுக்கே மாலை போடணும்.

என் கையைப் பாரு. சாமை அறுத்து, புளி உலுக்கி, கடுக்கா பொறுக்கித் தேஞ்ச கை. ரேஷன் கடை மெஷினுல கட்டை விரலை வெச்சா ஏத்துக்காது. துடைச்சிட்டு வெய்யி தாத்தான்றான் பையன். வேட்டியில துடைச்சு வெக்கிறேன். தலையில தேச்சிட்டு வெய்யின்றான். தேச்சேன். எண்ணெய் இருந்தாத்தானே ஒட்டும், தலையில முடியே இல்ல. இந்த விரலு, அந்த விரலு, பின்னால நிக்கிறவளோட முணுமுணுப்பு. நான்தாம்பா நானு, இந்த ஊர்லயே பொறந்து வளந்தவன்னு சத்தியம் பண்ணாலும் மெஷினு நம்பல.

அதே மாதிரி மெஷினைத் தெலங்கானாவுல ஒருத்தன் எப்படி நம்ப வெச்சான்னு கேளு. 2018ல நடந்தது. சிம் வியாபாரி. பத்திரப் பதிவு இணையதளத்துல நிலப் பத்திரமெல்லாம் தொறந்து கிடந்துச்சு, அதுல கைரேகையும் கிடந்துச்சு. அதை எடுத்து ரப்பர் மாதிரி ஒண்ணுல விரலாவே வார்த்து, ஆயிரக்கணக்குல சிம்முக்கு உயிர் குடுத்துட்டான். ரப்பர் விரலு அழகா விழுந்துச்சு. பாடுபட்ட விரலு விழல. இது இன்னா நியாயமோ!

சிம்மோட நின்னானுங்களா? மலைக்குச் சின்ன மெஷினு தூக்கிக்கினு வர்றாரே பேங்க் ஏஜென்டு, அதுல காசு எடுக்க ஆதார் நம்பரு, பேங்க் பேரு, விரல் ரேகை, இது மூணு இருந்தாப் போதும். ஓடிபி கிடையாது, ஏடிஎம் கார்டு கிடையாது. பட்டன் போன்காரன் கஷ்டப்படக் கூடாதேன்னு செஞ்ச ஏற்பாடு. திருடனும் கஷ்டப்படல. ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகான்னு பத்திரத்துல இருந்த ரேகையை வெச்சே கணக்குல இருந்ததை உருவுனானுங்க. நம்ம பக்கம் வேற தினுசு. கூலி வேலைக்குப் போறவங்க பேர்ல எவனோ கம்பெனி நடத்தி, கோடிக் கணக்குல ஜிஎஸ்டி கட்டுன்னு வீட்டுக்கு நோட்டீஸ் வந்த கதை பேப்பர்ல வந்துக்கினே இருக்கு. காவலூர்ல அவ்ளோ பெரிய தொலைநோக்கி வெச்சு நட்சத்திரத்தை எண்ணுறாங்க. என் பேர்ல எத்தினி கம்பெனின்னு எண்ண ஆளில்ல.

நீ குடுக்காமலே போறதும் உண்டு. 2021 ஜூன்ல, தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிங்க சுமார் 50 லட்சம் பேரோட விவரம் திருட்டுச் சந்தையில கிடக்குதுன்னு ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொல்லுச்சு. 2024ல சென்னை ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ். டெலிகிராம்ல கேட்டாக் கேட்டவனுக்கு வைத்திய ரிப்போர்ட்டு, அடையாள அட்டை நகல் எல்லாம் வந்து விழுந்துச்சு. 3 கோடிக்கு மேல ஆளுங்க விவரம் என்கிட்ட இருக்குதுன்னு திருடன் பீத்திக்கினான். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயித் தடை வாங்குச்சு. உனக்கு சர்க்கரைன்னு உன் பொண்டாட்டிக்குத் தெரியறதுக்குள்ள டெலிகிராமுக்குத் தெரிஞ்சிருக்கும்.

சட்டம் இல்லையா தாத்தான்ற. இல்லாமயா! அடுத்தவன் அடையாளத்தைத் திருடுனா 3 வருசம் வரைக்கும் ஜெயிலு, 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு சொல்லுது. ஆளு சிக்கணும், அவ்ளோதான். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்துல 9 நீதிபதிங்க ஒரே குரல்ல சொன்னாங்க. அதைக் கேட்டு 6 வருசம் யோசிச்சு 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. விதி எழுத இன்னும் 2 வருசம், 2025 நவம்பர். நம்மளைக் காப்பாத்துற முக்கியமான பிரிவெல்லாம் அதுக்கும் 18 மாசம் கழிச்சு, 2027 மே மாசம் அமலுக்கு வருமாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இறுக்கிப் புடிக்கிற பிரிவோ, விதி வந்த 2025 நவம்பர்லயே அமலுக்கு வந்துடுச்சு. ஜனங்க கேள்வி கேக்குறதை நிறுத்த அவசரம், ஜனங்க களவு போறதை நிறுத்த நிதானம்.

அந்தச் சட்டத்துல அபராதம் எவ்ளோ தெரியுமா? பாதுகாப்புல கோட்டை விட்ட கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும். வாயைப் பொளக்காதே, முழுசாக் கேளு. ஆடு களவு போனது உன் பட்டியில, பஞ்சாயத்துல போட்ட தண்டம் போறது டெல்லி கஜானாவுக்கு. உனக்கு ஒத்தை ரூபா கிடையாது. அஜாக்கிரதையா இருந்த கம்பெனிகிட்ட நஷ்டஈடு கேக்க பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 43ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. புதுசு முழுசா வர்றப்ப அதையும் எடுத்துடுறாங்க. நீ பொய்ப் புகார் குடுத்தா மட்டும் 10,000 ரூபா வரைக்கும் உனக்கு அபராதம். இது இல்லாம, நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு சொல்லி மத்திய அரசு தனக்கு வேண்டிய அமைப்புக்கு இந்தச் சட்டத்துலேருந்தே விலக்கு குடுத்துக்கலாம். நம்ம ஜாதகத்தை அதிகமா வெச்சிருக்கிறது யாரு? அவங்கதான்.

நல்லதும் இருக்கு, மறைக்க மாட்டேன். சட்டம் முழுசா அமலுக்கு வந்ததும், உன் விவரம் வெளிய போனா கம்பெனி உனக்குத் தாமதமில்லாம சொல்லணும். எதுக்கு வாங்குறேன்னு எழுதுற அறிவிப்பைத் தமிழ்லயே கேக்கவும் உனக்கு உரிமை வரும். கேக்குறதுக்கு வாய் வேணும். அது உனக்கு டீக்கடையில மட்டும்தான் திறக்குது.

சரி, அந்த ஜெராக்ஸை இங்க வெச்சிட்டு, போனை எடு. ஆதார் செயலியில கைரேகைக்குப் பூட்டு இருக்கு, உன்னுதையும் உன் ஆயாவோடதையும் பூட்டு. மெஷினுல விரல் வெக்கிற அன்னிக்கு மட்டும் தொறந்துக்கலாம். சஞ்சார் சாத்தின்ற அரசாங்கத் தளத்துல உன் பேர்ல எத்தினி சிம்முன்னு பாரு. காசு போயிட்டா அழுதுக்கினு நிக்காம அப்பவே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடி, பேங்குக்கு 3 நாளுக்குள்ள எழுதிக் குடு. நகல் குடுத்தே ஆகணும்னா எதுக்குக் குடுக்குற, எந்தத் தேதின்னு அதும் மேலயே குறுக்க எழுது.

அப்புறம் ஒண்ணு. ஆகஸ்ட் 15 கிராம சபையில நான் எழுந்து நிக்கப்போறேன். அபராதத்துல ஒரு பங்கு களவு குடுத்தவனுக்கு வரணும், விலக்கைக் குறைக்கணும்னு தீர்மானம் எழுதி எம்.பி.க்கு அனுப்பச் சொல்லுவேன். கிழவன் உளறுறான்னு சிரிப்பாங்க, சிரிச்சிட்டுப் போகட்டும். நீ வந்து கையெழுத்துப் போடு. பேனா நான் கொண்டாறேன்.