உள்ளூர்ச் செய்தி, வெளியூர் முதலாளி

கேள்வி: அமெரிக்காவில் உள்ளூர் டிவி நிலையங்களைப் பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்களே, செய்தி மேல் அவ்வளவு காதலா?

பதில்: வருமானத்தின் மேல் காதல். கேபிள் நிறுவனங்கள் ஒரு நிலையத்தைக் காட்ட, சந்தாதாரர் தலைக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். தேர்தல் ஆண்டில் அரசியல் விளம்பரப் பணமும் கொட்டும். கையில் நிலையங்கள் கூடக் கூட, பேரத்தில் குரலும் கூடும்.

கேள்வி: எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாமா?

பதில்: கூடாது. ஒரு நிறுவனம் நாட்டின் டிவி வீடுகளில் 39 சதவீதத்துக்கு மேல் எட்டக்கூடாது என்பது 2004-இல் வந்த சட்டம். ஆனால் யுஎச்எஃப் அலைவரிசையில் ஒளிபரப்பும் நிலையமென்றால் வீடுகளைப் பாதியாக எண்ணினால் போதும். அனலாக் காலத்தில் அந்த அலைவரிசையில் படம் மங்கலாக வந்ததால் 1985-இல் கொடுத்த சலுகை அது. 2009-இல் டிஜிட்டல் வந்து படம் தெளிந்தது. 2016-இல் சலுகை போனது; 2017-இல் திரும்பி வந்தது. மீசை முளைத்த பிள்ளைக்கும் அரை டிக்கெட்!

கேள்வி: வாங்கியவர் செய்தியில் கை வைப்பாரா?

பதில்: 2018-இல் சின்க்ளேர் என்ற நிறுவனத்தின் பல ஊர் நிலையங்களில் செய்தி வாசிப்பாளர்கள் ஒரே உரையை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். பொய்ச் செய்தி ஜனநாயகத்துக்கு ஆபத்து என்பது உரையின் சாரம். எழுதிக் கொடுத்தது தலைமையகம். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே வீடியோவாக வெளியிட்டது டெட்ஸ்பின் தளம். பார்த்தவர்களுக்குப் பள்ளிக்கூட வாய்ப்பாடு நினைவுக்கு வந்திருக்கும்.

கேள்வி: இப்படி வாங்கிக் குவிப்பதை யாருமே தடுக்கவில்லையா?

பதில்: ஒருமுறை தடை விழுந்தது. 2017-இல் டிவி நிலையங்கள் வைத்திருந்த ட்ரிப்யூன் நிறுவனத்தை 390 கோடி டாலருக்கு வாங்கச் சின்க்ளேர் ஒப்பந்தம் போட்டது. வரம்புக்குள் அடங்க, சிகாகோவின் டபிள்யூஜிஎன் நிலையத்தை ஒரு கார் வியாபாரிக்கு 6 கோடி டாலருக்கு விற்பதாகச் சொன்னது. அவர் சின்க்ளேர் தலைவரின் வியாபாரக் கூட்டாளி, ஒளிபரப்பில் அனுபவமில்லாதவர். விற்ற பிறகும் நிலையத்தின் விளம்பரத்தையும் நிகழ்ச்சிகளையும் கவனிக்கப்போவது சின்க்ளேர்தான். பின்னர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. உண்மையில் வாங்குபவர் யார் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் கேட்டது. பினாமி என்ற சொல் அங்கே இல்லை, சந்தேகம் அதேதான். 2018 ஆகஸ்டில் ட்ரிப்யூன் விலகிக்கொண்டது. ஆணையத்தின் இந்த விசாரணையையும் வேறு விசாரணைகளையும் முடித்துக்கொள்ள 2020-இல் சின்க்ளேர் 4.8 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கேள்வி: ட்ரிப்யூன் தப்பித்ததா?

பதில்: 2019-இல் நெக்ஸ்டார் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கிவிட்டது. அப்போது நெக்ஸ்டார் எட்டிய வீடுகள், அரை டிக்கெட் கணக்கில் சுமார் 39 சதவீதம்; முழு டிக்கெட் கணக்கில் 60-ஐத் தாண்டின.