ஏழு குன்றும் ஒரு முழங்காலும்

ரோமைக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கத் தேவையான தகுதிகளில் ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது: எக்செல் தெரியும். கொலோசியத்துக்குச் சிவப்பு, தேவாலயங்களுக்கு நீலம், சாப்பாட்டுக்கு மஞ்சள் என்று கட்டங்களுக்கு வண்ணம் அடித்து, இடத்துக்கு இத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு, வீட்டு வாட்ஸப் குழுவில் அனுப்பினேன். மனைவி கட்டைவிரலைப் போட்டாள். மகன் அதுவும் போடவில்லை. அம்மா மட்டும், “இதுல காப்பி எங்கடா இருக்கு?” என்று கேட்டாள். இல்லைதான்.

ரோம் ஏழு குன்றுகளின் நகரம் என்று பள்ளியிலேயே படித்தவன் நான். குன்று என்றால் ஏற வேண்டும், ஏறினால் இறங்க வேண்டும் என்ற விவரம்தான் அட்டவணைக்குள் வரவில்லை. மேப் 15 நிமிட நடை என்றால் 15 என்றே எழுதினேன். யாருடைய நடை என்று யோசிக்கவில்லை. பழைய நகரத்தின் தெருக்களில் ‘சாம்பியேத்ரீனி’ என்னும் சின்னச் சின்னக் கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு. எழுபதைத் தாண்டிய முழங்காலின் அபிப்பிராயம் வேறு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றார்கள், எடுத்தேன். மருந்துக் கடையில் ஒரு நீ-கேப் வாங்கிப் பெட்டியில் போடத் தோன்றவில்லை.

ஓய்வுக்கென்று அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தேன்: ஸ்பானியப் படிக்கட்டு, 20 நிமிடம். 1720களில் கட்டியது. ‘ரோமன் ஹாலிடே’ படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் ஐஸ்கிரீம் சாப்பிடுவாரே, அதே இடம். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு அப்பாடா என்று உட்கார்ந்தாள். உடனே விசில். 2019 முதல் அந்தப் படிகளில் உட்காரத் தடை, மீறினால் அபராதம். நான் நம்பிய பயணக் கட்டுரை அதற்கு முந்தைய காலத்தது. எழுந்து நின்ற அம்மா, “ஏன்டா, இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு திண்ணைகூடக் கிடையாதா?” என்றாள்.

திண்ணைக்குப் பதிலாகக் காப்பிக் கடை இருந்தது. கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல். இதை மட்டும் நான் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தேன். அம்மா காப்பியையும் நின்றபடியே குடித்தாள்.

வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை இலவசம் என்று எங்கோ கண்ணில் பட்டது. ஞாயிறு நண்பகலில் போப் ஜன்னலில் தோன்றி ஆசி வழங்குவார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். போப் வந்தார். அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும்தான் இலவசம். மற்ற ஞாயிறுகளில் விடுமுறை. ‘இலவசம்’ வந்ததுமே நான் படிப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

சரி, மறுநாள் போகலாம் என்றால் திங்கட்கிழமைக் கட்டத்தில் பொர்கேசே கேலரி உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, அது திங்கட்கிழமை திறப்பதில்லை. முன்பதிவு செய்தவர்களை மட்டும், குறித்த நேரத்துக்கு உள்ளே விடும் இடம் அது. பதிவு செய்யப் போயிருந்தாலே விடுமுறை என்று தெரிந்திருக்கும், போகவில்லை. இப்படி என் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, எங்களை வத்திக்கான் மதிலோர வரிசையில் கொண்டுபோய் நிறுத்தின. வெயிலில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் புஸ்ஸென்று சோடா. “பச்சைத் தண்ணி வாங்கத் தெரியாதா உங்களுக்கு?” என்றாள் மனைவி. குடிநீர்க் குழாய்கள் தெருவுக்குத் தெரு ஓயாமல் ஊற்றும் ஊர் அது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும் என்பதை மகன் தானாகவே கண்டுபிடித்தான். என் சட்டை நனைந்தது.

சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு நான் ஒதுக்கியது 10 நிமிடம். அதன் மேற்கூரைக்கு மைக்கேலாஞ்சலோ ஒதுக்கியது 1508 முதல் 1512 வரை. உள்ளே சுவரோரமாக நீள இருக்கை! கூரைக்கு முன்னால் அம்மா கண்ணில் பட்டது அதுதான். கூட்டமெல்லாம் கழுத்து வலிக்க நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்க, அவள் சுவரில் சாய்ந்து ஒவ்வோர் உருவமாக நிதானமாகப் பார்த்தாள். அங்கே பேசக் கூடாது என்பதால் நான் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அவள் கூரையைக் காட்டிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டாள். எங்கள் நால்வரில் அந்த ஓவியத்தை உருப்படியாகப் பார்த்தது அம்மாதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு 6 மணி என்று போட்டிருந்தேன். ரோமின் உணவகங்கள் பலவற்றில் அடுப்பு பற்றவே 7.30 ஆகும். காத்திருந்து, சைவமான அம்மாவுக்கு நானே தேர்ந்தெடுத்துச் சொன்னது ‘காச்சோ எ பேப்பே’: பாஸ்தா, மிளகு, பெக்கோரினோ சீஸ், அவ்வளவுதான். அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன். பெக்கோரினோ ரொமானோவுக்குப் பாலை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், “சுத்த சைவம், மிளகு மணக்க மணக்க... எல்லாம் இவன் பார்த்துச் சொன்னதுதான்” என்று அவள் ஆரம்பிக்கும்போது நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். என்ன செய்வது, அந்தப் பயணத்தில் நான் எடுத்த முடிவுகளில் வீட்டார் பாராட்டியது அது ஒன்றைத்தான்.